பறையும் பாதமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

பிறந்த குழந்தையின் முதற்குரல் அழுகை. இறந்தவனைச் சூழ்ந்து எழும் கடைசிக் குரலும் அழுகையே. இவ்விரண்டு அழுகைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மனிதன் தன் மகிழ்ச்சிக்கும் துயருக்கும் ஆடிய ஆட்டங்களையே இன்று நாட்டுப்புறக் கலைகள் என்று பெயரிட்டு அழைக்கிறோம். எழுத்தறியாத முன்னோர் தம் வரலாற்றை ஏட்டில் எழுதவில்லை. காலிலும் கையிலும் எழுதி வைத்தனர். அந்த ஏட்டைப் படிக்க நமக்குத்தான் தெரியவில்லை.

அத்தகைய இரண்டு ஏடுகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று நம் வீட்டு வாசலில் உள்ளது: தென்மாவட்டங்களில் தப்பு என்றும் கொட்டு என்றும் சொல்லப்படும் பறையாட்டம். மற்றொன்று ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் நாட்டின் ஆண்டலூசியா மாநிலத்தில் பிறந்த ஃபிளமெங்கோ. ஒன்று தோலை அடிப்பது; மற்றொன்று தரையை அடிப்பது. இயற்பியல் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். ஒலி எங்கே உண்டோ அங்கே இயற்பியலுக்கும் வேலை உண்டு என்பதே என் பதில்.

இரண்டு பெயர்கள்

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியப் பகுதிகளிலிருந்து புறப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்கம் வழியாக ஐரோப்பா முழுவதும் பரவிற்று. அவர்களை ரோமா மக்கள் என்பர். அவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. அவர்கள் மொழியே சான்று. ரோமானி மொழியில் ஒன்று, இரண்டு, ஐந்து என்பவை ‘எக்’, ‘துய்’, ‘பஞ்ச்’ என்று ஒலிக்கின்றன. இந்தி அறிந்தவர் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. இம்மக்கள் ஸ்பெயினை அடைந்ததற்குக் கிடைக்கும் பழைய ஆவணம் 1425ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வந்தவர்களை எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று அந்நாட்டார் தவறாகக் கருதினர். ‘எகிப்தியர்’ என்ற சொல்லே சிதைந்து ‘ஹிதானோ’ ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘ஜிப்ஸி’ ஆனதும் அதே சொல்தான். ஊர் தெரியாதவன் வைத்த பெயரே அவர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்துவிட்டது.

நம் பக்கத்துப் பெயரின் கதை இதற்கு நேர் எதிரானது. பறை என்னும் சொல்லுக்குப் ‘பேசு’, ‘சொல்’ என்பதே பொருள். இன்றும் மலையாளத்தில் பேசுவதைப் பறைதல் என்கின்றனர். குமரி மாவட்டத்துப் பேச்சிலும் அது வாழ்கிறது. செய்தியைச் சொல்லும் கருவி ஆதலின் பறை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்தில், தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் வைத்து எண்ணுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவர். அத்துணைப் பெருமை உடைய சொல், காலப்போக்கில் அதனை முழக்கியோரின் சாதிப் பெயராகி, இழிவின் அடையாளமாகி, போர்ச்சுக்கீசியர் வாய்ப்பட்டு ஐரோப்பாவுக்கும் போய் ஆங்கிலத்தில் ‘பரையா’ என்று நின்றது. சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன் என்பது அதற்கு அகராதி தரும் பொருள். ‘பேசு’ என்று பொருள்படும் சொல், பேச உரிமை இல்லாதவனைக் குறிக்கும் உலகச் சொல்லாயிற்று. மொழி வரலாற்றில் இதைவிடக் கசப்பான பொருள் மாற்றம் வேறு உண்டோ என்று நான் அறியேன்.

ஃபிளமெங்கோ நம் கதக் நடனம் கடல் கடந்து போனதுதான் என்று பெருமை பேசுவோர் உண்டு. இரண்டிலும் காலால் தாளம் மிதிப்பதைக் கண்டு கூறுகின்றனர். இஃது ஆராய்ச்சிக்கு நில்லாது. ரோமா மக்கள் இந்தியாவை விட்டுச் சென்றபோது இன்றைய வடிவில் கதக் இல்லை. ஃபிளமெங்கோவும் அவர்கள் மூட்டை கட்டிக் கொண்டுபோன பொருள் அன்று. ஆண்டலூசியாவின் நாட்டுப் பாடல், எண்ணூறு ஆண்டுகள் அங்கு வாழ்ந்த அரபு மக்களின் இசை மரபு, யூதர் மரபு, ஹிதானோக்களின் தொண்டை ஆகிய அனைத்தும் கலந்து, பதினெட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் உருப்பெற்ற கலை அது. ஆதலால் இரத்த உறவைத் தேடி நான் இந்த ஒப்பீட்டைச் செய்யவில்லை. ஒதுக்கப்பட்ட மக்களின் வாழ்க்கைச் சடங்கில் பிறந்த ஆட்டம் மேடைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதே நான் கேட்கும் கேள்வி. அக்கேள்விக்கு ஸ்பெயினில் நூறாண்டு அனுபவம் உண்டு. நமக்கு முப்பது, நாற்பது ஆண்டு அனுபவமே உண்டு.

தோலும் தரையும்

பறையின் அமைப்பு எளிது. மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தி வட்டமான சட்டம் செய்வர். விட்டம் ஏறத்தாழ 35 செ.மீ. இருக்கும். பதப்படுத்திய மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் சட்டத்தில் ஒட்டி இழுத்துக் கட்டுவர். இடது தோளில் தொங்கவிட்டு, ஒரு கையில் மெல்லிய நீண்ட மூங்கிற் குச்சியும், மறு கையில் குட்டையான தடித்த குச்சியும் கொண்டு அடிப்பர். மெல்லிய குச்சி படபடவென்று பேசும். தடித்த குச்சி ‘ஆம்’ என்று ஆமோதிக்கும்.

அடிப்பதற்கு முன் வைக்கோலையோ சருகையோ கொளுத்திப் பறையைக் காய்ச்சுவதை எல்லோரும் கண்டிருப்போம். தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறினால் தளரும். இழுவிசை குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும், ஒலி மந்தமாகும். அனலில் காட்டினால் ஈரம் வெளியேறித் தோல் விறைக்கிறது, இழுவிசை கூடுகிறது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று நாம் ஆய்வுக்கூடத்தில் சோனாமீட்டர் கம்பியை வைத்துப் படிக்கும் விதியே இங்கும் ஆட்சி செய்கிறது. கம்பிக்கு எடைக்கல் தொங்கவிடுகிறோம். பறைக்குத் தீ மூட்டுகிறோம். அவ்வளவே வேறுபாடு. காய்ச்சிய பறையை விரலால் தட்டிக் காதருகே வைத்துப் பதம் பார்க்கும் முதியவர் சூத்திரம் அறியார். ஆனால் விடையை அறிவார்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வட்டத் தோல் அதிரும்போது பிறக்கும் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு எண் மடங்குகளாக அமைவதில்லை. அதனால்தான் பறைக்கு வீணை போல ஒரு சுருதி சொல்ல முடிவதில்லை. மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவில் கருஞ்சோறு பூசித் தோலுக்கு எடை ஏற்றுவதால் மேற்சுரங்கள் ஒழுங்குபட்டு இனிமை பிறக்கிறது என்பதைச் சர் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். பறையில் அந்தப் பூச்சு இல்லை. ஒழுங்குபடாத மேற்சுரங்கள் அனைத்தும் ஒருங்கே வெடித்து எழுவதாலேயே பறையொலி நெஞ்சுக் கூட்டில் வந்து மோதுகிறது. இனிமை குறைவு என்று இதனைச் சொல்வது, மிளகாயில் இனிப்புக் குறைவு என்று சொல்வது போன்றது.

ஃபிளமெங்கோ ஆடுபவர்க்குக் கருவி தம் காலணியே. காலணியின் முன்புறத்திலும் குதிகாலிலும் சிறு ஆணிகளை வரிசையாக அறைந்திருப்பர். முன்பாதம், குதிகால், நுனிவிரல் என்று ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே தரையில் அடித்துப் பல ஒலிகளைப் பிறப்பிப்பர். சுற்றி இருப்போர் கைதட்டித் தாளம் காப்பர். கிதார் வரும், குரல் வரும். இடையிடையே ‘ஓலே’ என்ற கூவல் எழும். நம் ஊரில் அவ்விடத்தில் சீழ்க்கை அடிப்போம். ‘சொலெயா’ முதலிய முக்கிய வகைகள் பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்றில் அமைந்தவை. அழுத்தம் விழும் இடங்கள் 3, 6, 8, 10, 12. முதலில் மூன்று மூன்றாகவும், பின்பு இரண்டு இரண்டாகவும் நடை மாறுவதைக் கவனிக்க. விரலால் மேசையில் தட்டிப் பார்ப்போர், தொடக்கத்தில் தடுமாறிப் பின்பு விட முடியாமல் போவர்.

பறையாட்டத்தில் இரு கைகளும் கருவிக்கே உரியன. எனவே ஆட்டம் முழுதும் காலிலும் இடுப்பிலும் தோளிலும் நிகழ்கிறது. தாளத்தை வாய்ச்சொல்லால் சொல்லிச் சொல்லியே ஆசான் கற்பிக்கிறார். சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, டப்பா அடி, மருள் அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று அடிகளுக்குப் பெயர்கள் உண்டு. அப்பெயர்களே ஒரு கிராமத்தின் ஆண்டுக் குறிப்பேடு போல உள்ளன. கோயிலில் காப்புக் கட்டுவதற்கு ஒன்று, சப்பரம் நகர்வதற்கு ஒன்று, அருள் இறங்குவதற்கு ஒன்று, மார்பில் அடித்து அழுவதற்கு ஒன்று.

தொட்டிலும் பாடையும்

ஃபிளமெங்கோவின் பாடல் வகைகளைப் பார்த்தாலும் இதே முறை புலனாகிறது. ‘நானா’ என்பது தாலாட்டு. ‘அல்போரெயா’ என்பது ஹிதானோ திருமணப் பாடல். அதனைத் திருமண வீட்டுக்கு வெளியே பாடுவது தீமை விளைக்கும் என்று முதியோர் நம்பினர். மேடையில் பாட மறுத்தனர். ‘மார்த்தினெத்தே’ கொல்லுப்பட்டறையோடு தொடர்புடையது. கிதார் இல்லாமல், சில வேளை சுத்தியல் ஒலி மட்டுமே துணையாகப் பாடுவது. ‘செகிரியா’ சாவையும் இழப்பையும் பாடுவது. எல்லாவற்றிலும் ஆழமானது என்று போற்றப்படுவது. அதனை ஒப்பாரியின் உடன்பிறப்பு எனலாம்.

நம் பகுதியிலும் பறை தொட்டில் முதல் பாடை வரை உடன் வந்தது. தாய்மாமன் சீர் எடுத்து வரும்போது முன்னே செல்வது அது. மஞ்சள் நீராட்டு, திருமணம், பொங்கல், சாமிச்சாட்டு எல்லாவற்றிலும் அதற்கு இடம் உண்டு. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலிலும், சாத்தூரை அடுத்த இருக்கன்குடியின் ஆடிக் கூட்டத்திலும் கொட்டுச் சத்தத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஆண்டு அனுபவித்துப் பேரன் பேத்தி கண்டு இறந்தவர் வீட்டில், ‘கல்யாணச் சாவு’ என்று சொல்லி ஆட்டமே களைகட்டும். ஓர் ஊரில் ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கண்டு பக்குடுக்கை நன்கணியார் வருந்திப் பாடியது புறநானூற்றின் 194ஆம் பாடல். அப்பாட்டைப் பள்ளியில் நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கிறோம். நான் அதில் வேறொன்றையும் காண்கிறேன்: ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்களில் வாழ்வின் இரு முனைகளையும் தோற்கருவியே அறிவித்தது.

சிவகாசி வட்டாரத்துக்கே உரிய ஒரு செய்தியை இங்குச் சொல்லாமல் போக முடியாது. நம் ஊர்களில் பறை ஒலிக்கும் அதே நிகழ்ச்சிகள் அனைத்திலும் வெடியும் ஒலிக்கிறது. சீர் வரிசைக்குச் சரவெடி. திருமண ஊர்வலத்துக்கு வாணம். இறுதி ஊர்வலத்தில் தெருவுக்குத் தெரு வெடி. இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: காற்றில் அழுத்த அலையை எழுப்பி, ‘இங்கே ஒரு வாழ்வு திரும்புகிறது’ என்று ஊருக்கு அறிவித்தல். ஆனால் சாவுக்கு வெடி விற்றவருக்கு இழிவு இல்லை. அதனைச் செய்த தொழிலாளிக்கும் இழிவு இல்லை. கொளுத்திப் போட்டவனுக்கும் இல்லை. சாவுக்குப் பறை அடித்தவனுக்கு மட்டும் இழிவு. ஒரே பாடை, ஒரே தெரு, ஒலிகள் இரண்டு, மதிப்பும் இரண்டு. சாவைத் தொட்டதால் தீட்டு என்றால் அத்தீட்டு வெடிக்கும் அல்லவா ஒட்ட வேண்டும்?

காரணம் தெளிவு. தீப்பெட்டித் தொழிலை 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்தனர் என்பது இவ்வூர்க் குழந்தைகளும் அறிந்த வரலாறு. அத்தொழிலின் வழியே பட்டாசும் வளர்ந்தது. விரும்பியவர் போய்க் கற்றனர்; விரும்பியவர் வேலைக்குச் சேர்ந்தனர்; கூலி பெற்றனர். பறையோ கற்றுவரத் தேர்ந்தெடுத்த தொழிலாக விடப்படவில்லை. பறையர், அருந்ததியர் குடும்பங்களில் பிறந்த ஆண்மகன் ஊரில் யார் இறந்தாலும் அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. ஊதியம் களத்து நெல்லாகவோ, மிஞ்சிய சோறாகவோ இருந்தது. பல வேளை அதுவும் இல்லை. இழிவு ஒட்டியது சாவிலிருந்து அன்று, கட்டாயத்திலிருந்து.

இதனால்தான் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் படித்த இளைஞர்கள், ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பறையைக் கீழே வைத்தனர். அதற்காக அடியும் ஊர்விலக்கும் பட்டவர்கள் உண்டு. அவர்களைக் கலையின் எதிரிகள் என்று எவரேனும் சொன்னால் அதனை நான் ஏற்க மாட்டேன். தந்தை வழித் தொழிலை விட்டு வேறொன்றைக் கற்க வந்தவர்களே நம் கல்லூரியில் பெரும்பாலோர். நாம் செய்வதையே அவர்களும் செய்தனர்.

‘பேச விரும்புகிறோம்’

ஸ்பெயினில் என்ன நடந்தது என்று காண்போம்.

1499ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு, நாடோடியாகத் திரியும் ஹிதானோக்கள் அறுபது நாட்களுக்குள் ஓரிடத்தில் தங்கித் தொழில் தேட வேண்டும், அல்லது நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என ஆணையிட்டது. அடுத்தடுத்து வந்த ஆணைகள் அவர்களின் மொழியையும் உடையையும் தடை செய்தன. 1749ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் தொடங்கிய பெருங்கைது நடவடிக்கையில் ஏறத்தாழ 9,000 பேர் பிடிக்கப்பட்டனர். ஆண்கள் கப்பற்பட்டறை வேலைக்கும் பெண்கள் அடைப்பிடங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். செகிரியாவின் துயரத்துக்கு வேர் எங்கே என்று தேடுவோர் இந்த ஆண்டுகளைத்தான் காட்டுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செவில் முதலிய நகரங்களில் பாட்டுக் காப்பிக் கடைகள் தோன்றின. சில்வெரியோ பிரான்கொனெத்தி என்னும் பாடகர் நடத்திய கடை புகழ்பெற்றது. வீட்டு முற்றத்துப் பாட்டும் ஆட்டமும் முதன்முதலாகச் சீட்டு வாங்கிப் பார்க்கும் கலையாயிற்று. கலைஞனுக்குக் கூலி கிடைத்தது. கூடவே, காசு கொடுப்பவன் விரும்புவதை ஆடும் நிலையும் வந்தது. கலை கெட்டுப் போகிறது என்று கவலையுற்ற இசை மேதை மானுவேல் தெ ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் 1922ஆம் ஆண்டு கிரனாடா நகரில் ஆழ்பாட்டுப் போட்டி ஒன்றை நடத்தினர். பரிசு பெற்றவர்களில் ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் இருந்தனர். இடையில் பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி (1939-1975) ஃபிளமெங்கோவைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் பூப்போட்ட பாவாடையாக ஆக்கிவிட்டது. ஆட்டம் இருந்தது, பேச்சு இல்லை.

பிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார். மறு ஆண்டே, 1976இல், மாரியோ மாயா என்னும் ஹிதானோ நடனக் கலைஞர், கவிஞர் ஹொசே எரேதியா மாயாவின் எழுத்தைக் கொண்டு கிரனாடாவில் ஒரு நாடக நடனத்தை மேடையேற்றினார். ஹிதானோக்களுக்கு எதிராக அரசுகள் பிறப்பித்த பழைய ஆணைகள் மேடையில் வாசிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் பாடகரும் ஆடுபவரும் குரலாலும் காலாலும் விடை சொல்வர். அதன் தலைப்பு ‘கமெலாமோஸ் நக்கெரார்’. ஹிதானோக்களின் மறைந்து வரும் மொழியில் இதற்குப் பொருள், ‘நாங்கள் பேச விரும்புகிறோம்’ என்பது.

இதனைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். பறை என்றால் பேசு என்று பொருள். அவர்கள் வைத்த தலைப்பும் அதுவே. இரு மக்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் வாய் அடைக்கப்பட்டவர்கள் தம் முன்னோர் ஆட்டத்தை மேடைக்குக் கொண்டுவரும்போது அதற்கு இடும் பெயர் வேறெதுவாக இருக்க முடியும்?

இங்கு இரண்டு பெண் கலைஞர்களையும் குறிப்பிட வேண்டும். ஃபிளமெங்கோவில் பெண்ணுக்குக் கையும் ஆணுக்குக் காலும் என்று ஒரு வழக்கம் இருந்தது. பார்சிலோனாவின் கடற்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்த கார்மென் அமாயா (1913-1963) கால்சட்டை அணிந்து, ஆண்களும் எட்ட முடியாத வேகத்தில் தரையை அடித்து அவ்வழக்கத்தை உடைத்தார். நம் காலத்தவரான ரொசீயோ மொலீனா 1984இல் மாலகாவில் பிறந்தவர். 2018ஆம் ஆண்டு ‘கிரீத்தோ பெலாவோ’ என்னும் படைப்பைத் தாம் கருவுற்றிருந்த நிலையில் ஆடினார். பாடகி சில்வியா பெரெஸ் குரூஸும் தம் தாயும் உடன் மேடையேறினர். தாய், மகள், பிறக்கவிருக்கும் பேத்தி என மூன்று தலைமுறை ஒரே மேடையில்! மாதம் ஏற ஏற உடல் மாறியது. உடலுக்கேற்ப ஆட்டமும் மாறியது. வாழ்க்கைச் சுழற்சியை ‘நடித்துக் காட்டுவது’ என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

நம் பக்கமும் இவ்வழியில் நெடுந்தூரம் வந்திருக்கிறோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தாழ்த்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் தப்பைத் தோளில் மாட்டினர். ஆண்கள் மட்டுமே தொடலாம் என்றிருந்த கருவி அது. 2007ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காக்களிலும் தெருக்களிலும் பறையை நகரத்தார் காதுக்குக் கொண்டு சென்றது. மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பரம்பரையில் வராத கணிப்பொறிப் பொறியாளர்களும் கல்லூரி மாணவிகளும் இன்று பயிற்சி வகுப்புகளில் வாய்ச்சொல் சொல்லி அடி பழகுகின்றனர். கட்டாயம் போய் விருப்பம் வந்துவிட்டது என்றே இதற்குப் பொருள். தோலுக்குப் பதில் ஃபைபர், மரத்துக்குப் பதில் இரும்பு வளையம் என்று கருவியும் மாறி வருகிறது. காய்ச்ச வேண்டாம், மழையிலும் ஒலிக்கும். ஆனால் அந்த ஒலியில் ஏதோ தகர வாடை அடிப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மேடையில் விடுபட்ட அடி

இவ்வளவு முன்னேற்றத்திலும் ஒரு குறை கண்ணில் படுகிறது. அதனைச் சொல்லவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

கல்லூரி விழாக்களிலும் அரசு விழாக்களிலும் பறையாட்டம் இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. விருந்தினரை வரவேற்கும் முதல் நிகழ்ச்சியே அதுதான். ஆனால் ஆடுவோரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி விடுகின்றனர்: ‘சாவு அடி மட்டும் வேண்டாம், மங்கல நிகழ்ச்சி.’ நான் பார்த்த ஒரு விழாவிலும் இவ்வாறே நடந்தது. குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். வரவேற்பு அடியும் சினிமாப் பாட்டு அடியும் அடித்தனர், எல்லோரும் கைதட்டினோம்.

இதில் என்ன தவறு என்று கேட்பர். ஃபிளமெங்கோவை எண்ணிப் பாருங்கள். ஆண்டலூசியாவின் எந்தப் பெரிய மேடையிலும் செகிரியாவை நீக்கு என்று எவரும் சொல்லார். சாவைப் பாடும் அந்த வகையே கலைஞனுக்கு உரைகல். லோர்கா 1933இல் ஆற்றிய உரை ஒன்றில், கலைஞனுக்குள் புகுந்து ஆட்டுவிக்கும் ‘துவெந்தே’ என்னும் ஆற்றலைப் பற்றிப் பேசினார். சாவு அருகில் வரக்கூடும் என்ற உணர்வு இல்லாத இடத்தில் அது தோன்றுவதில்லை என்பது அவர் கருத்து. நம் மருள் அடியை அறிந்தவருக்கு இது புதிய செய்தி அன்று. லோர்காவின் ‘இரத்தத் திருமணம்’ நாடகத்தை அந்தோனியோ காதெஸ் 1974இல் ஃபிளமெங்கோவாக ஆக்கினார். மணப்பந்தலில் தொடங்கிக் கத்திக்குத்தில் முடியும் கதை அது. கார்லோஸ் சாவுரா 1981இல் அதனைத் திரைப்படமாக்க, உலகமே பார்த்தது. மங்கலம், அமங்கலம் என்று அவர்கள் மேடையைப் பிரிக்கவில்லை.

நாம் பிரிக்கிறோம். பறையைக் கட்டாயத்திலிருந்து விடுவிக்க வேண்டியது கடமை. அதனைச் சாவிலிருந்து விடுவிப்பது வேறு காரியம். முதலாவதைப் போராடியவர்கள் செய்தனர். இரண்டாவதைச் செய்வோர் விழாக் குழுவினர். சாவு அடி இல்லாத பறை, தாலாட்டையும் கல்யாணப் பாட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பாரியை எரித்துவிட்ட மொழி போன்றது. மேலும், ‘சாவு அடி வேண்டாம்’ என்பதற்குள் பழைய தீட்டுத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மண்டபத்துக்கு வெளியே அதே விழாவுக்கு வெடிக்கும் சரவெடியைப் பார்த்து, ‘இது சாவுக்கும் வெடிக்கும் வெடி அல்லவா?’ என்று எவரும் கேட்பதில்லையே.

இதற்கு மறுப்பும் உண்டு. தமிழ்த்துறை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னார்: “தம்பி, சாவு அடியை மேடையில் கேட்டு ரசிப்பது உனக்கு எளிது. தலைமுறை தலைமுறையாகப் பாடைக்கு முன்னே நடந்தவன் வீட்டில் கேட்டுப் பார். அவனுக்கு அது கலை இல்லை, காயம்.” அவர் கூறியதில் நியாயம் இருக்கிறது. அடிப்பதா வேண்டாவா என்பதை முடிவு செய்யும் உரிமை அடிப்பவருக்கே உரியது. விழாக் குழுவுக்கும் இல்லை, கட்டுரை எழுதும் எனக்கும் இல்லை. அல்போரெயாவை மேடையில் பாட மறுத்த ஹிதானோ முதியவர்களின் உரிமையும் அதுவே. ஆனால் மாரியோ மாயா காயத்தையே மேடைக்குக் கொண்டு வந்தார். ஆணைகளை வாசிக்கச் சொல்லி அதன்மேல் ஆடினார். அவ்வாறு ஆட விரும்பும் ஆசான் நம் மாவட்டத்தில் இருந்தால், அவரைத் தடுக்காத மேடையாவது நம்மிடம் இருக்க வேண்டும்.

எனவே அடுத்த கலை விழாவுக்கு ஒரு வேண்டுகோள். வரவேற்புக்குப் பத்து நிமிடம் என்று ஒதுக்காமல், ஒரு மணி நேரம் முழுதாக ஒரு பறைக் குழுவுக்குக் கொடுக்கலாம். சீர் வரிசை அடியில் தொடங்கிச் சாமிச்சாட்டு, சப்பரம், மருள், மாரடிப்பு எனத் தம் வரிசையைக் குழுவினரே அமைக்கட்டும். எந்த அடி எப்போது, எவருக்காக அடிக்கப்பட்டது, அதற்கு என்ன கூலி கிடைத்தது என்பதையும் அவர்களே ஒலிபெருக்கியில் சொல்லட்டும். மற்றக் கலைஞருக்குத் தரும் ஊதியமே அவர்களுக்கும் தரப்பட வேண்டும். சால்வை போர்த்தி அனுப்பிவிட்டால் கணக்குத் தீராது. இயற்பியல் துறையிலிருந்து நாங்கள் அலைநோக்கியைக் கொண்டுவந்து, காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் பறையின் அதிர்வெண்ணை அளந்து அரங்கில் காட்டத் தயார். அதற்குத் தேவை கொஞ்சம் வைக்கோலும், மைதானத்தின் ஓரத்தில் தீ மூட்ட முன் அனுமதியும். நம் வட்டாரத்தில் வைக்கோல் கிடைத்துவிடும். தீ மூட்ட அனுமதி வாங்குவதுதான் கடினம்.